டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்: இரண்டாம் சீசனில் விட்டுவிடாமல் மூன்றாவதைப் பிடிப்பது எப்படி

டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ் பார்க்க ஆரம்பித்தவர்களில் நிறையப் பேர் இரண்டாம் சீசனின் பாதியில் கழன்றுகொள்கிறார்கள். முதல் சீசனைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவர்கள்கூட, அடுத்த சீசனில் ஏழெட்டு எபிசோட் போனதும் "இழுக்கிறார்கள், போதும்" என்று மூடிவிடுவார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் அவர்கள் நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்சதூரம் போனால் அந்தத் தொடரின் ஆகச்சிறந்த எபிசோட் காத்திருக்கிறது: மூன்றாம் சீசன், ஏழாவது எபிசோட். அதுவரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. எதை முழுசாகப் பார்க்க வேண்டும், எதை ஓட்டிவிடலாம், எதன்மேல் கண் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். மர்மங்களின் விடைகளைச் சொல்ல மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2004 அக்டோபர் 3 அன்று தொடங்கி 2012 மே 13 அன்று முடிந்த தொடர். 8 சீசன், 180 எபிசோட். ஃபேர்வியூ என்ற கற்பனை ஊர், அதில் விஸ்டீரியா லேன் என்று ஒரு தெரு, அந்தத் தெருவில் புல்வெளியும் வெள்ளை வேலியும் வைத்த வீடுகள், அந்த வீடுகளில் வாழும் பெண்கள். தெருவே ஒரு செட்தான், கலிஃபோர்னியாவில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்துக்குள் இருக்கும் காலனியல் ஸ்ட்ரீட். உருவாக்கியவர் மார்க் செர்ரி. டெக்ஸஸில் ஒரு தாய் தன் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்ற வழக்கின் செய்தியை அவர் தன் அம்மாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்திருக்கிறார். ஒரு பெண் அந்த அளவுக்குப் போவாளா என்று அவர் கேட்க, அந்த விரக்தி தனக்கும் தெரியும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் மொத்தத் தொடரும் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், பல இடங்களில் சிரிப்புக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று பிடிபடும்.

முதல் எபிசோடைப் பாத்திரம் கழுவிக்கொண்டோ போனைப் பார்த்துக்கொண்டோ பார்க்காதீர்கள். தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே தொடரின் முழு சுபாவமும் வந்துவிடுகிறது. மேரி ஆலிஸ் யங் என்ற குடும்பத்தலைவி காலையில் சமைக்கிறாள், வீட்டு வேலைகளை முடிக்கிறாள், வெளிவேலைகளையும் முடித்துவிட்டு வந்து, யாரும் அதுவரை தொட்டிராத துப்பாக்கியை எடுத்துத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். (தற்கொலைக் காட்சி உங்களைப் பாதிக்கும் என்றால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் தொடரும் இல்லை இது.) சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மார்த்தா ஹூபர், முன்பு கடன் வாங்கிய பிளெண்டரைத் திருப்பித் தரும் சாக்கில் வருகிறாள். ஜன்னல் வழியாகப் பிணத்தைப் பார்க்கிறாள். அலறுகிறாள். போலீசுக்கு போன் செய்கிறாள். அதற்கப்புறம், தன் சமையலறையில் தனியாக நின்று, பிளெண்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மேரி ஆலிஸ் பெயர் போட்ட சீட்டை உரித்து எடுக்கிறாள். இனி அந்த பிளெண்டர் அவளுடையது. அக்கம்பக்கத்தார் என்றால் யார் என்பதைப் பற்றி இந்தத் தொடர் சொல்ல வந்தது அந்தச் சீட்டு உரிகிற சில நொடிகளுக்குள் இருக்கிறது.

அடுத்து துக்க வீட்டுக்கு ஆளாளுக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு வருவார்கள். அதையும் கவனியுங்கள், யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதே அறிமுகம். லினெட் ஸ்காவோ பொரித்த கோழி, நாலு பிள்ளைகளைப் பெற்று வேலையை விட்டவள். கேப்ரியெல் சோலிஸ் (சுருக்கமாக கேபி) பயேயா என்ற ஸ்பானிய அரிசி உணவு, முன்னாள் மாடல், பணக்காரக் கணவன், தீராத சலிப்பு. ப்ரீ வான் டி கேம்ப் தானே சுட்ட மஃபின்கள் நிறைந்த இரண்டு கூடைகள், கூடவே கூடைகளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற குறிப்பு. சூசன் மேயர் மாக்ரோனி சீஸ், விவாகரத்தானவள், சமையல் என்றால் ஒன்றும் வராது. இந்த நாலு பேர், அப்புறம் யாரோடும் சேராத, எல்லோரையும் சீண்டும் ஈடி பிரிட். இவர்களைப் பிடித்துவிட்டால் மற்றப் பெயர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

செத்துப்போன மேரி ஆலிஸின் குரல்தான் ஒவ்வொரு எபிசோடையும் தொடங்கி முடித்துவைக்கும். அந்தக் குரல் பிரெண்டா ஸ்ட்ராங் உடையது. இதனால் ஒரு யோசனை: ஒரே மூச்சில் ஐந்தாறு எபிசோட் பார்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு இரவு, என்று ஒளிபரப்பாவதற்காகக் கட்டப்பட்ட தொடர் இது, ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் அந்தக் குரல் அன்றைய நாலு கதைகளையும் ஒரு முடிச்சில் கட்டும். ஒருநாளில் ஒன்றிரண்டு பார்த்தால் அந்த முடிச்சு மனதில் நிற்கும். வரிசையாக ஓடவிட்டால் அதே குரல் அலுப்புத் தட்டும், குற்றம் தொடருடையது ஆகாது. சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். மேரி ஆலிஸ் மெதுவாகத்தான் பேசுவாள், ஆனால் லினெட்டும் கேபியும் வாயைத் திறந்தால் பாதி வசனம் பறந்துவிடும்.

இன்னொன்று, கதாபாத்திரங்களின் பெயரைத் தேடுபொறியில் போட்டுவிடாதீர்கள். யார் எப்போது சாகிறார்கள் என்பது முதல் வரியிலேயே வந்து நிற்கும். நடிகர் பெயர் தெரிய வேண்டுமென்றால் எபிசோட் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள், போதும்.

சரி, முதல் சீசன் ஏன் அப்படி ஓடியது? முதல் எபிசோடையே அமெரிக்காவில் 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். லினெட்டாக நடித்த ஃபெலிசிட்டி ஹஃப்மேனுக்கு 2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. காரணங்கள் பல சொல்வார்கள், என் கணக்கில் ஒன்றுதான் முக்கியம். மர்மம் அந்த நாலு பெண்களின் மேசை மேலேயே கிடந்தது. செத்தவள் அவர்களுடைய தோழி. அவள் துணிமணிகளைக் கட்டிவைக்கும்போது மிரட்டல் கடிதத்தைக் கண்டெடுப்பவர்கள் அவர்கள். தினம் பார்த்துப் பேசிய ஒருத்தியின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியாமல் போனது என்ற உறுத்தல் அந்த நாலு பேருக்கும் இருந்தது, அதனால் சூசனின் காதல் கூத்தும் லினெட்டின் பிள்ளைகள் அடிக்கும் லூட்டியும்கூட அந்த உறுத்தலின் நிழலிலேயே நடந்தன. தொடர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. இந்தப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து போக்கர் ஆடும் வழக்கம் உள்ளவர்கள். சீட்டாடும் மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்காரும் காட்சிகள், வாசலில் நின்று வம்பு பேசும் காட்சிகள் அடிக்கடி வந்தால் சீசன் நன்றாக இருக்கிறது. ஆளுக்கொரு மூலையில் தனித்தனிக் கதையில் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ கோளாறு.

இரண்டாம் சீசனில் நடந்தது அதுதான். 24 எபிசோட். ஆப்பிள்வைட் என்று ஒரு குடும்பம் புதிதாகக் குடிவருகிறது, அவர்கள் வீட்டு நிலவறையில் ஒருவனைச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். கேட்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கும். பெட்டி ஆப்பிள்வைட்டாக வருவது ஆல்ஃப்ரே வுட்டர்ட், எவ்வளவு பெரிய நடிகை! ஆனால் அந்த வீட்டுக்கும் நம் நாலு பேருக்கும் வெகுநாள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எதிர் வீட்டு மர்மம் எதிர் வீட்டிலேயே நடக்கிறது. கேபி, சூசன், லினெட் எல்லோரும் அவரவர் கதையில் தனித்தனியாக அலைகிறார்கள். விமர்சகர்கள் சாத்தினார்கள், கதை வலுவிழந்ததை மார்க் செர்ரியும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆனாலும் இரண்டாம் சீசனை மொத்தமாகத் தாண்டிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் மூன்றாவது பாதிதான் புரியும். செய்ய வேண்டியது இது: ப்ரீ வரும் காட்சி ஒன்றைக்கூட விடாதீர்கள். முதல் சீசனிலிருந்து அவளைச் சுற்றிவரும் மருந்துக்கடைக்காரன் ஜார்ஜ் வில்லியம்ஸின் கதை இந்த சீசனின் நடுவாக்கில் முடிவுக்கு வருகிறது. அந்த முடிவில் ப்ரீயாக நடிக்கும் மார்சியா கிராஸின் முகத்தைப் பாருங்கள், ஒரு ஓட்டல் அறையில், மிகக் குறைந்த வசனத்தோடு, நல்ல பெண் என்று எல்லோரும் நம்பும் ஒருத்தி எடுக்கும் முடிவு. சீசன் மொத்தமும் சோடை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தக் காட்சியைத்தான். அதைத் தொடர்ந்து ப்ரீயின் குடிப்பழக்கம், மகன் ஆண்ட்ரூவோடு நடக்கும் யுத்தம், இதெல்லாம் உயர்ந்த தரம். ஆப்பிள்வைட் வீட்டுக் காட்சிகள் அலுத்தால் ஓட்டிவிடலாம், பெரிய நஷ்டம் வராது. கேபி குழந்தைக்காகப் படும் பாடும் லினெட் மறுபடி விளம்பர நிறுவனத்தில் வேலைக்குப் போகும் கதையும் பார்க்கலாம், பாதகமில்லை.

கடைசி எபிசோடை மட்டும் கட்டாயம் முழுதாக, இரண்டு பாகமாக இருந்தால் இரண்டையும், பார்த்தாக வேண்டும். ஒவ்வொருத்தியும் முதன்முதலாக அந்தத் தெருவுக்குக் குடிவந்த நாள் அதில் வருகிறது, வரவேற்க நிற்பவள் மேரி ஆலிஸ். சீசன் முழுக்கச் சிதறிக் கிடந்தவர்களை மறுபடி அவளிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திரும்பி வருவதற்கான வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். அந்த எபிசோடின் கடைசி நிமிடத்தில் எழுந்து போய்விடாதீர்கள், ஆர்சன் ஹாட்ஜ் என்ற பல் டாக்டர் அங்கே செய்யும் ஒரு காரியத்தின் மேல்தான் மூன்றாம் சீசன் நிற்கிறது.

மூன்றாம் சீசன் 2006 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது, 23 எபிசோட். கதையில் ஆறு மாதம் கழிந்திருக்கிறது. என்ன மாற்றினார்கள் என்று கூர்ந்து பாருங்கள், எழுதும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது ஒரு பாடமே. இந்தமுறை மர்மம் எதிர் வீட்டில் இல்லை, ப்ரீயின் திருமணத்துக்குள்ளேயே இருக்கிறது. ப்ரீ ஆர்சனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள், விருந்து நடக்கிறது, அதன் நடுவே அழையாமல் நுழையும் ஒருத்தி எல்லோர் முன்னாலும் இவன் தன் முதல் மனைவியைக் கொன்றவன் என்கிறாள். மண்ணுக்கடியிலிருந்து ஒரு பெண்ணின் சடலம் கிடைக்கிறது, பற்கள் பிடுங்கப்பட்டிருக்கின்றன. மாப்பிள்ளையோ பல் டாக்டர். ஆர்சனாக கைல் மக்லாக்லன். மரியாதையான பேச்சு, மடிப்புக் கலையாத சட்டை, வீட்டைத் துடைப்பதில் ப்ரீக்கு நிகரான வெறி. இவனை நம்புவதா வேண்டாமா என்று ஒவ்வொரு எபிசோடிலும் நம்மைக் குழப்புவான். தோழிகள் எச்சரிக்கிறார்கள், ப்ரீ கேட்கவில்லை, அதனால் மர்மம் மறுபடி நாலு பேருக்கும் பொதுவாகிவிடுகிறது. ஆர்சனின் அம்மா குளோரியாவாக டிக்ஸி கார்ட்டர் வந்ததும் இன்னும் சூடு பிடிக்கும், அந்த மாமியார் சிரிக்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான் வந்தது.

முதல் ஆறு எபிசோடையும் வரிசை மாறாமல், எதையும் ஓட்டாமல் பாருங்கள். லினெட்டின் வீட்டுக்குள் நோரா வந்து உட்கார்ந்திருப்பாள், லினெட்டின் கணவன் டாமுக்கு முன்பு எப்போதோ பிறந்த ஒரு மகளின் தாய். அவள் வரும் காட்சிகள் எரிச்சலூட்டும், ஓட்டத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த எரிச்சல் உங்களுக்குள் சேர்ந்திருக்க வேண்டும்.

ஏழாவது எபிசோட் 2006 நவம்பர் 5 அன்று வந்தது, தலைப்பு 'பேங்'. இதை இரவில், தனியாக, போனைத் தூர வைத்துவிட்டுப் பாருங்கள். கணவன் தனக்குத் துரோகம் செய்தான் என்று தெரிந்துகொண்ட கேரலின் பிக்ஸ்பி துப்பாக்கியோடு அவனுடைய சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைகிறாள். பால், ரொட்டி வாங்க வந்தவர்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள், லினெட்டும் நோராவும் அவர்களில் உண்டு. வெளியே தெருவே டிவி முன் கூடியிருக்கிறது. கேரலினாக லாரி மெட்கால்ஃப் நடித்திருப்பதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், ஒரு நிமிடம் சிரிக்கவைக்கிறார், அடுத்த நிமிடம் துப்பாக்கி எங்கே திரும்புமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். கோபக்காரியாக வந்து நிற்பவளைக் காயம்பட்ட மனைவியாகவும் காட்டிக்கொண்டே இருக்கிறார். பிணைக்கைதிகளைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அவர்களோடு தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறாள், அவர்கள் பதில் சொல்கிறார்கள், அந்தப் பேச்சிலிருந்தே ஆபத்து முளைக்கிறது. ஏதோ பெரிய குண்டுவெடிப்பு எல்லாம் கிடையாது. அக்கம்பக்கத்தில் வாய்தவறி விழுந்த ஒரு வார்த்தை போதும், ஒரு உயிர் போய்விடுகிறது. முதல் சீசனின் பிளெண்டரும் இந்த சூப்பர்மார்க்கெட்டும் ஒரே தெருவைச் சேர்ந்தவை என்று அப்போது தெரியும்.

ஆனால் இந்த எபிசோட் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் துப்பாக்கியைவிட அந்தக் கனவு. லினெட்டுக்கு ஒரு கனவு வந்துகொண்டே இருக்கிறது: மேரி ஆலிஸின் கடைசி நாள், அவளைப் பார்த்தும் தான் ஒன்றும் கேட்காமல் போனது. இரண்டு சீசனாக யாரும் உரக்கப் பேசாத அந்தக் குற்றவுணர்வை மறுபடி எடுத்து, இன்றைய ஆபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தொடர் தன் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நான் நம்பியது இந்த இடத்தில்தான். அடுத்த எபிசோடை அன்றைக்கே போடாதீர்கள், ஒருநாள் விடுங்கள்.

பேங் முடிந்ததும் வேகம் குறைந்துவிடும் என்று நினைப்பீர்கள், அங்கேதான் ஆர்ட் கதை வருகிறது. சூப்பர்மார்க்கெட்டில் லினெட்டின் உயிரைக் காப்பாற்றிய சாதுவான மனிதன், தெருவுக்கே குடிவருகிறான். நன்றி சொல்லப் போன லினெட் அவன் வீட்டு நிலவறையில் பொம்மைகளையும் சிறுவர்களின் படங்களையும் பார்த்துவிடுகிறாள். சந்தேகம் காதோடு காதாகத் தெருவெங்கும் பரவுகிறது. அவள் செய்தது சரியா, அவன் அப்பாவியா என்று கடைசிவரை தொடர் நமக்கு நிம்மதி தராது. விஸ்டீரியா லேனில் நடந்ததிலேயே என்னை அதிகம் கலங்கடித்த கதை இது, இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

அப்புறம் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மார்சியா கிராஸ் அப்போது நிஜ வாழ்க்கையில் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார், 2007 பிப்ரவரியில் பிரசவம். அதனால் ஆர்சன் மர்மத்தைப் பதினைந்தாவது எபிசோடுக்குள் முடித்துவிட்டு ப்ரீயைத் தேனிலவுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாறாவது எபிசோடில் கதைசொல்லும் குரல்கூட மாறும், ப்ரீயின் செத்துப்போன கணவன் ரெக்ஸ் பேசுவான், நல்ல மாற்றம். மற்றபடி ப்ரீ இல்லாத அந்த வாரங்கள் கொஞ்சம் உப்புக் குறைந்தவைதான். இயான், மைக் என்ற இரண்டு காதலர்களுக்கு நடுவே சூசன் ஊசலாடுவதை விரும்பியவர்கள் பார்க்கலாம், எனக்கு ஒருவரியில் முடிந்திருக்க வேண்டியதாகப் பட்டது. ஸ்காவோ குடும்பம் பீட்சா கடை திறப்பதையும் கேபி அரசியல்வாதி விக்டர் லேங்கோடு பழகுவதையும் விடாதீர்கள். கடைசி எபிசோடில் ப்ரீ திரும்புகிறாள், லினெட்டுக்கு ஒரு செய்தி வருகிறது, நாலாம் சீசனை உடனே தேடவைக்கும்.

நாலாம் சீசன் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் 17 எபிசோடோடு நின்றது, அந்தச் சுருக்கமே அதற்கு நல்லதாகப் போனது. அந்த சீசனில் தெருவுக்கு வரும் கேத்தரின் மேஃபேராக நடித்த டேனா டெலேனியைத்தான் முதலில் ப்ரீ வேடத்துக்கு அழைத்தார்கள், அவர் மறுத்துவிட்டார். இருவரும் ஒரே சமையலறையில் நின்று எலுமிச்சைப் பை (pie) என்ற பலகாரத்தைப் பற்றி மோதிக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ருசிக்கும். ஒன்பதாவது எபிசோடில் சூறாவளி வருகிறது, பேங்குக்கு அடுத்து நான் வைப்பது அதை.

அதற்கு மேல் நேரம் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்: ஐந்தாம் சீசனில் 100ஆவது எபிசோடைப் பாருங்கள். நடிகர் போ பிரிட்ஜஸ் ஒரு தெருக் கைவேலைக்காரராக வருவார், எல்லா வீட்டிலும் எதையாவது பழுது பார்த்தவர், அவர் கண் வழியாக அந்தப் பெண்கள் அனைவரையும் மறுபடி சந்திப்போம், மேரி ஆலிஸும் வருவாள். ஆறாம் சீசனை அவசரமில்லாதபோது பார்த்துக்கொள்ளலாம். எட்டாவதை விடாதீர்கள், அங்கே நாலு பேரும் சேர்ந்து ஒரே ரகசியத்தை மூடிவைக்கிறார்கள், முதல் சீசனின் கேள்வி இப்போது அவர்கள் தலையிலேயே விழுகிறது. அந்தத் தெருவில் வாழும் மூதாட்டி மக்ளஸ்கியாக நடித்த கேத்ரின் ஜூஸ்டன் அந்த சீசன் முடிந்த சில வாரங்களிலேயே, 2012 ஜூன் 2 அன்று, புற்றுநோயால் இறந்தார். இது தெரிந்துகொண்டு கடைசி எபிசோடைப் பார்த்தால் அவருடைய காட்சிகளை வேறுமாதிரி பார்ப்பீர்கள்.

ஏழாம் சீசனைப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் அதற்கு முன் இரண்டாம் சீசனின் கடைசி சில எபிசோடுகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேரி ஆலிஸின் கணவன் பால் யங் பழைய கணக்கோடு தெருவுக்குத் திரும்புகிறான், யார் அவனுக்கு என்ன செய்தார்கள் என்பது ஞாபகத்தில் இல்லாவிட்டால் அவன் கோபத்தில் பாதி வீணாகிவிடும்.